றாக்கை உயர்ந்தது, குழாய் அப்படியே

ஒரு காலத்தில் கண்டிப் பக்கத்துத் தேயிலை மரப்பெட்டியில்தான் கொழும்புக்குப் போனது. ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே அலுமினியத் தாள், ஓரங்களில் தகரப் பட்டி. நாட்டாமைமார் தோளில் தூக்கி அடுக்குவார்கள். ஆகவே அடுக்கு எவ்வளவு உயரம் போகும் என்பதை மனிதனின் கையே தீர்மானித்தது. பிறகு பல மடிப்புக் காகித மூட்டை வந்தது. அதன் பிறகு, தூளை மொத்தமாக விற்பதோடு நில்லாமல் சிறு பொதிகளாக்கி ஏற்றுமதி செய்யும் வழக்கம் வளர்ந்தது. இன்று பொதியிடும் களஞ்சியம் ஒன்றில் தேயிலையோடு பிளாஸ்டிக் பூசிய தாளும், பொலிப்புரொப்பிலீன் மேலுறையும், மட்டைப்பெட்டியும், பலட்டைச் சுற்றி இறுக்கிய பொலித்தீனும் சேர்ந்தே நிற்கின்றன. ஃபோர்க்லிஃப்ட் வந்த பிறகு மனிதக் கையின் எல்லையும் போய்விட்டது. இரும்பு றாக்கை எட்டு மீற்றர், ஒன்பது மீற்றர் என்று எழும்பிவிட்டது.

இந்த மாற்றத்தில் கூரைக்குக் கீழே ஓடும் தீயணைப்புத் தெளிப்பான் குழாயை எவரும் தொடுவதில்லை. நாம் ஸ்பிரிங்க்ளர் என்று சொல்லும் அந்தக் குழாய் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கும், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கும், ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணீருக்கும் கணக்குப் பார்த்துப் போட்டது. பொருளும் உயரமும் மாறினால் கணக்கு உடைந்துவிடும். குழாயில் துரு இருக்காது, அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும், பரிசோதகரின் சீட்டும் தொங்கும். ஆனாலும் கீழே நிற்கும் சரக்கை அந்தக் குழாயால் காப்பாற்ற முடியாது. பல்லேகலக் கைத்தொழிற் பூங்காவிலோ குண்டசாலையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ களஞ்சியம் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குழாயை அல்ல, சரக்கை.

தெளிப்பான் வேலை செய்யும் விதம் பற்றிச் சினிமா ஒரு தவறான படத்தை நம் மனதில் பதித்துவிட்டது. ஓர் இடத்தில் புகை எழுந்தால் கட்டடம் முழுவதும் மழை பெய்வதாகக் காட்டுவார்கள். உண்மையில் குழாயில் பொருத்திய ஒவ்வொரு தெளிப்பான் தலையும் தனித்தனியே, தன் மீது படும் சூட்டுக்குத்தான் திறக்கும். தலையின் வாயை அடைத்திருப்பது திரவம் நிறைந்த ஒரு கண்ணாடிக் குமிழ், அல்லது எளிதில் உருகும் உலோக இணைப்பு. சூடேறினால் திரவம் விரிந்து குமிழை உடைக்கும். குமிழின் நிறமே அதன் வெப்பநிலையைச் சொல்லும்: செம்மஞ்சள் 57 பாகை செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. புகைக்கு இது திறப்பதே இல்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பியானோத் தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி 1874 இல் தன் தொழிற்சாலையைக் காக்கத் தானியங்கித் தெளிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ஃபிரெடரிக் கிரினெல் அதைச் செம்மைப்படுத்தினார். அடிப்படை இன்றும் அதுதான். அன்று காக்க வேண்டியிருந்தது தரையில் பரந்து கிடந்த மரமும் துணியும். மேலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தீயின் தலையில் விழும்.

தண்ணீரின் வலிமை அது ஆவியாகும்போதுதான் தெரியும். ஒரு லீற்றர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.3 மெகாஜூல் போதும். அதை முழுக்க நீராவியாக்க மேலும் 2.26 மெகாஜூல் வேண்டும். ஆக, செக்கனுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் தீயின் மீது விழுந்து முழுவதும் ஆவியானால், சுமார் 2.6 மெகாவாற்று வெப்பத்தை அது விழுங்கிவிடும். இதைக் கேட்டால் தீயை வெல்வது சுலபம் என்று தோன்றும். தண்ணீர் தீயின் மீது போய் விழவேண்டுமே, சிக்கல் அங்கேதான்.

விறகடுப்பு மூட்டத் தெரிந்த எவருக்கும் றாக்கைத் தீ விளங்கும். விறகை நெருக்கி வைத்தால் புகையும். இடைவெளி விட்டு அடுக்கினால் பற்றிக்கொண்டு எரியும். றாக்கையில் பலட்டுக்கும் பலட்டுக்கும் இடையே, முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையே, செங்குத்தான இடைவெளிகள் அடியிலிருந்து உச்சி வரை ஓடுகின்றன. கீழ்த்தட்டில் ஒரு மட்டைப்பெட்டி பற்றினால் சூடான காற்று அந்த இடைவெளி வழியே மேலே பாய்கிறது. கீழிருந்து புதுக் காற்று உள்ளே இழுபடுகிறது. இரு பக்கமும் நிற்கும் சரக்கு ஒன்றையொன்று சூடாக்குகிறது. தீயின் வளர்ச்சியை நேரத்தின் வர்க்கத்தோடு ஒப்பிடுவது பொறியியலாளர் வழக்கம்: நேரம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. மெதுவான தீ ஒரு மெகாவாற்றை எட்ட 600 செக்கன் எடுக்கும் என்றால், மிக வேகமானது என்று வகைப்படுத்திய தீ 75 செக்கனில் எட்டிவிடும். உயர்ந்த றாக்கையில் நிற்கும் பிளாஸ்டிக் சரக்கு அந்தக் கடைசி வகைக்குள்ளும் அடங்குவதில்லை.

இப்போது கூரையில் ஒரு தலை திறக்கிறது என்று வைப்போம். தண்ணீர் துளிகளாகச் சிதறுகிறது. ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி அசையாத காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 4 மீற்றர் வேகத்தில்தான் விழும். ஐந்து மில்லிமீற்றர்த் துளியே ஆனாலும் 9 மீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். எழும்பிவிட்ட றாக்கைத் தீயின் சுடர்க்காற்றோ செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேல் மேலே போகும். சிறு துளி தீயை அடையாமலே திரும்பி மேலே அடித்துச் செல்லப்படுகிறது, அல்லது வழியிலேயே ஆவியாகிறது. அந்தச் சூட்டில் அக்கம்பக்கத்துத் தலைகளும் தீ இல்லாத இடத்தில் திறக்கின்றன. ஒரே குழாயின் தண்ணீரை எல்லாம் பங்கு போட, அழுத்தம் விழுகிறது, துளி இன்னும் மெலிகிறது. தெளிப்பான் இருந்தும் களஞ்சியம் தரைமட்டமாகும் கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

1982 ஜூன் 21 அன்று பென்சில்வேனியாவில் ஃபோல்ஸ் டவுன்ஷிப் என்ற ஊரில் கேமார்ட் நிறுவனத்தின் விநியோகக் களஞ்சியம் எரிந்த கதை இத்துறையில் எல்லோருக்கும் பாடம். பன்னிரண்டு இலட்சம் சதுர அடிக் கட்டடம். கூரையில் தெளிப்பான் இருந்தது, உள்ளே தீத்தடுப்புச் சுவர்களும் இருந்தன. ஏரோசோல் டப்பாக்கள் இருந்த பெட்டியொன்று கீழே விழுந்து தீ தொடங்கியது. சூடேறிய டப்பாக்கள் எரிந்தபடியே பறந்து, சுவர்களின் திறப்புகளைத் தாண்டி அடுத்த பகுதிகளிலும் தீ வைத்தன. குழாய் அமைத்த காலத்துக் கணக்கில் அந்த டப்பாக்களுக்கு இடமே இருக்கவில்லை. ஏரோசோலுக்குத் தனி விதி, தனி அறை, கம்பிவலை அடைப்பு என்பதெல்லாம் இத்தகைய தீக்களுக்குப் பிறகு வலுப்பெற்றவை. கண்டியில் அழகுசாதனமும் பூச்சிமருந்தும் விநியோகிக்கும் களஞ்சியங்களில் இதே டப்பாக்கள் சவர்க்காரப் பெட்டிகளோடு ஒரே றாக்கையில் நிற்கக்கூடும். அப்படி நின்றால் அன்றைக்கே பிரித்து வைக்க வேண்டும்.

சரக்கை வகைப்படுத்துவதில்தான் மேம்பாடு தொடங்குகிறது. உலகில் பலரும் பின்பற்றும் அமெரிக்க நெறியான என்.எஃப்.பி.ஏ. 13 சரக்கை ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகளாகவும், அதற்கு மேல் பிளாஸ்டிக் பிரிவுகளாகவும் பிரிக்கிறது. மரப் பலட்டில் நிற்கும் கண்ணாடிப் போத்தல் கீழ் வகுப்பு. பருத்தித் துணி நடுவில். பொலிஎதிலீன், பொலிஸ்டைரீன், மெத்தைக்கு வைக்கும் நுரை எல்லாம் உச்சியில். காரணம் எளிது: காகிதமும் மரமும் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 16 முதல் 18 மெகாஜூல் வெப்பம் தரும், பொலிஎதிலீன் 43க்கு மேல் தரும், அதோடு உருகி ஒழுகித் தரையில் எரியும் குளமாகவும் தேங்கும். மரப் பலட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பலட் வாங்கினாலே சரக்கின் வகுப்பு ஒன்றோ இரண்டோ படி ஏறிவிடும். கொள்வனவுப் பிரிவு மலிவு பார்த்து எடுக்கும் அந்த ஒரு முடிவு, எவருக்கும் தெரியாமலே தீயணைப்புக் கணக்கை மாற்றிவிடுகிறது. என் பார்வையில் இதுதான் மிக ஆபத்தான இடம். கட்டட வரைபடம் அங்கீகாரம் பெறும்போது எழுதிக்கொடுத்த சரக்குப் பட்டியல் ஒன்று, பத்தாண்டு கழித்து உள்ளே நிற்பது வேறொன்று.

கணக்கைக் கொஞ்சம் போட்டே பார்ப்போம். சாதாரணத் தொழிற்சாலைக்குரிய நடுத்தர அமைப்பு, சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு 8 லீற்றர் வீதம் 140 சதுர மீற்றரை நனைக்கப் போட்டது. அது நிமிடத்துக்கு 1,120 லீற்றர். 1980களில் அமெரிக்காவின் ஃபாக்டரி மியூச்சுவல் காப்புறுதி ஆய்வாளர்கள், றாக்கைத் தீயைக் கட்டுப்படுத்துவதோடு நில்லாமல் முளையிலேயே அடக்கும் தலையை உருவாக்கினார்கள். ஈ.எஸ்.எஃப்.ஆர். என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அதன் வெப்ப உணர்வி மிக விரைவில் சூடேறும், வாய் அகலம், பெரிய துளிகளைக் கீழ்நோக்கிய வேகத்தோடு அடிக்கும். சுடர்க்காற்று வலுப்பெறுமுன்னரே தண்ணீர் கீழே இறங்கிவிட வேண்டும், இதன் தந்திரம் அவ்வளவே. ஒரு தலையிலிருந்து வரும் தண்ணீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக ஏறும். கே 200 என்ற அளவுள்ள தலை 3.5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு சுமார் 375 லீற்றர் தரும். 12 தலைகள் ஒன்றாகத் திறக்கும் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்: நிமிடத்துக்கு 4,500 லீற்றர். பழைய அமைப்பின் நான்கு மடங்கு.

பழைய குழாயில் புதுத் தலைகளைத் திருகிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த வர்க்கமூலமே பதில். அதே தலையிலிருந்து இரு மடங்கு தண்ணீர் வேண்டுமானால் நான்கு மடங்கு அழுத்தம் தேவை. மெல்லிய குழாயில் வேகம் கூடும்போது உராய்வும் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் கூடி, இருக்கும் அழுத்தத்தையும் தின்றுவிடும். தலையை மாற்றுவது மலிவு. கிளைக்குழாய், பிரதான குழாய், பம்பி, தாங்கி எல்லாவற்றையும் மாற்றுவதுதான் செலவு.

இங்கேதான் கண்டி தன் சொந்தச் சிக்கலைக் கொண்டு வருகிறது. ஈ.எஸ்.எஃப்.ஆர். தலை தட்டையான கூரைக்குப் பிறந்தது. ஆறுக்கு ஒன்று என்ற சாய்வை, அதாவது ஏறக்குறைய ஒன்பதரைப் பாகையை, கூரை தாண்டக்கூடாது. தாண்டினால் சூடான புகை சரிவு வழியே உச்சிக்கு ஓடி, தீக்கு நேர் மேலே இருக்கும் தலையை விட்டு எங்கோ இருக்கும் தலையைத் திறக்கும். மலைநாட்டு மழைக்குக் கட்டிய தகரக் கூரைகளோ அதைவிடச் செங்குத்தானவை. ஹந்தானையில் இன்று இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கும், 1925 இல் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்குப் பழைய தேயிலைக் கட்டடத்தின் அமைப்பு தெரியும்: கொழுந்தை வாட்டக் காற்று தாராளமாக ஓடும் மேல்மாடிகள். காற்று ஓடும் கட்டடத்தில் தீயும் ஓடும். இத்தகைய பழைய கட்டடங்களைக் களஞ்சியமாக்கும்போது வெளிநாட்டுப் பட்டியலிலிருந்து கூரைத் தலையைத் தெரிந்து வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்கும் வேலை.

சரிந்த கூரைக்குக் கீழே சாத்தியமான வழி, தண்ணீரை றாக்கைக்கு உள்ளேயே கொண்டு போவது. இரண்டு மூன்று தட்டுகளுக்கு ஒரு வரிசையாக, செங்குத்து இடைவெளிக்குள்ளேயே சிறு தலைகளைப் பொருத்துவார்கள். மேல் வரிசைத் தலையிலிருந்து வழியும் தண்ணீர் கீழ்த் தலையைக் குளிரவைத்துத் திறக்க விடாமல் செய்துவிடும் என்பதால், கீழ்த் தலைகளின் மேல் ஒரு சிறு தகட்டுக் குடை இருக்கும். தீ கூரையை எட்டுமுன்னரே அதன் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆகவே மொத்தத் தண்ணீர்த் தேவையும் பெரும்பாலும் குறைகிறது. இதில் எரிச்சல் ஒன்றுண்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் கை கொஞ்சம் பிசகினால் பலட் குழாயில் இடிக்கும், சரக்கு நனையும். றாக்கையை இடம் மாற்றுவதும் தலையிடி. அதனால் முகாமையாளர்கள் இதை விரும்புவதில்லை. எனக்கோ, கண்டியின் பழைய கூரைகளுக்குக் கீழே இதைவிட நேர்மையான தீர்வு தெரியவில்லை. குழாயை றாக்கையின் தூணுக்கு உட்புறமாக ஓட்டி, முன்பக்கம் இரும்புத் தடுப்பு வைத்தால் இடிபடுவது வெகுவாகக் குறையும்.

அடுத்தது தண்ணீர். கூரைத் தலைகளையே பயன்படுத்தக்கூடிய புதிய, தட்டைக் கூரைக் களஞ்சியத்துக்கு நிமிடத்துக்கு 4,500 லீற்றர் ஒரு மணி நேரம் வேண்டும்: 270,000 லீற்றர். தீயணைப்பு வீரரின் குழாய்க்கு நிமிடத்துக்கு 950 லீற்றர் ஒதுக்கினால் மேலும் 57,000. மொத்தம் சுமார் 327,000 லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் என்றாலும் 33 நடை. மாநகரக் குடிநீர்க் குழாய் இதைத் தராது. அது வீட்டுக் குழாய்களுக்குப் போட்டது. கெட்டம்பேயில் மகாவலித் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து மேட்டுக்கு ஏற்றுவதற்கே மின்சாரம் செலவாகிறது. களஞ்சியம் தன் தண்ணீரைத் தானே வைத்திருக்க வேண்டும்.

சமவெளி ஊரில் இதற்குப் பெரிய தாங்கியும் பெரிய பம்பியும் தவிர வேறு வழி கிடையாது. இங்கே மலை இருக்கிறது. பத்து மீற்றர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தலையில் 3.5 பார் வேண்டும். தலை தரையிலிருந்து ஒன்பது மீற்றர் மேலே என்றால் அதற்கு 0.9; குழாய் உராய்வுக்கு ஒன்று முதல் ஒன்றரை. கூட்டினால் ஏறக்குறைய ஆறு பார். களஞ்சியத் தரைக்கு மேலே சுமார் 60 மீற்றர் உயரத்தில், பின்னாலுள்ள சரிவில் ஒரு தாங்கி, அங்கிருந்து 200 மில்லிமீற்றர்க் குழாய். பம்பி இல்லை, டீசல் இல்லை, மின்தடை பற்றிய கவலை இல்லை. இதே வேலையைப் பம்பியால் செய்ய ஏறக்குறைய 100 குதிரைவலு வேண்டும். அதுவும் தீப்பற்றிய நிமிடத்தில், மின்சாரம் துண்டிக்கப்படும் அதே நிமிடத்தில், தவறாமல் கிளம்ப வேண்டும். பற்றரி செத்துக் கிடக்கும் டீசல் பம்பிகளைப் பற்றித் தீயணைப்புத் துறையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். புவியீர்ப்புக்குப் பற்றரி தேவையில்லை.

ஆனால் 327 தொன் தண்ணீரைச் சரிவில் ஏற்றி வைப்பது விளையாட்டல்ல. ஏறக்குறைய பதினெட்டு மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் ஆழம் கொண்ட தொட்டி அது. கண்டி மாவட்டம் மண்சரிவுக்குப் பேர்போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் நாட்டக்கூடாது. தாங்கி கசிந்தால் சரிவின் மண்ணே ஊறி இளகும். பாறை கிடைக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். ஒரே தொட்டிக்குப் பதில் இரண்டாகப் பிரிப்பது நல்லது, ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும். உயரம் மிதமிஞ்சினாலும் ஆபத்து: சாதாரணத் தெளிப்பான் உறுப்புகள் 12 பார் வரைதான் தாங்கும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில் பம்பிக்கு முதல் இதைக் கணக்குப் பார்க்காமல் விடுவது, மலை தரும் வரத்தைத் தள்ளிவிடுவதாகும்.

நகரத்துக்குள் நிலைமை வேறு. யட்டிநுவர வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கீழே கடை, நடுவில் சரக்கு, மேலே குடும்பம் என்ற கட்டடங்கள் தோளோடு தோள் நிற்கின்றன. 2019 செப்டெம்பரில் யட்டிநுவர வீதியில் பல மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, மேலே அகப்பட்ட தந்தை தன் பிள்ளைகளைக் கீழே நின்ற அயலவரின் கைகளில் விழவிட்டுக் காப்பாற்றினார். அந்தக் கைகள் அன்று இருந்தன. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31 அதிகாலை பற்றிய தி சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி தானே சரிந்தது. மிச்சத்தை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அங்கும் தெருவைப் பார்க்கக் கடை, உள்ளே மாடி மாடியாகத் துணிக் களஞ்சியம். ஒடுங்கிய தெருவில் தீயணைப்பு வண்டி வந்து ஏணியை விரிப்பதற்குள் தீ இரண்டு மாடி ஏறிவிடும். கண்டியின் இத்தகைய கட்டடங்களுக்கு மொட்டைமாடியில் ஒரு தொட்டியும், சரக்கு மாடிக்கும் படிக்கட்டுக்கும் சில தலைகளும் வைத்தாலே, மேலே தூங்குபவர்கள் இறங்கி ஓட நேரம் கிடைக்கும்.

எவ்வளவு நல்ல அமைப்பும் ஒரு வால்வில் தோற்றுவிடும். திருத்தவேலைக்காக மூடியதைத் திறக்க மறந்த வால்வு, தெளிப்பான் தோல்விகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. எச்சரிக்கை மணியை நிறுத்தினாலும் அதே கதிதான். 2021 ஜூனில் தென் கொரியாவின் இச்சான் நகருக்கு அருகே பெரும் விநியோகக் களஞ்சியம் ஒன்று எரிந்தது. எச்சரிக்கை மணி அடித்தபோது பொய்யென்று எண்ணி அதை ஆறு தடவை நிறுத்தியதை விசாரணை கண்டது. தெளிப்பான் இயங்கத் தாமதமாயிற்று, ஒரு தீயணைப்பு அதிகாரி உயிரிழந்தார். ஆகவே பிரதான வால்வைத் திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டி, சாவி யாரிடம் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

புதிய குழாய்க்குப் பணம் சேரும் வரை காத்திருக்கும் களஞ்சியத்திலும் செய்ய வேண்டியவை பல. சரக்கு சரிந்து விழாதிருக்க றாக்கைத் தட்டில் பரப்பும் பலகையையும் பிளைவுட்டையும் எடுத்துவிட்டுக் கம்பிவலைத் தட்டு போட வேண்டும். முழுப்பலகை மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுத்துத் தீக்குக் கூரையாகிறது. பலட்டுகளுக்கு இடையே 15 சென்றிமீற்றர் செங்குத்து இடைவெளியை எல்லாத் தட்டிலும் ஒரே நேர்கோட்டில் விட வேண்டும். தீ ஏறும் அதே வழியில்தான் தண்ணீரும் இறங்க வேண்டும். ஏரோசோலையும், லித்தியம் பற்றரியையும், நுரை மெத்தையையும் தனி அறைக்கு மாற்ற வேண்டும். பழைய குழாய் எந்த உயரத்துக்குப் போட்டது என்று வரைபடத்தில் தேடி, அதற்கு மேலே நிற்கும் தட்டுகளைக் காலியாக்க வேண்டும். இடம் குறையும், வாடகைக் களஞ்சியம் ஒன்று தேட வேண்டிவரும். மேல் தட்டை இறக்க ஃபோர்க்லிஃப்ட் ஒன்றும் ஒரு நாள் வேலையும் போதும், நாளைக்கே தொடங்கலாம்.